நாளைய வெயிலுக்கு இன்றைய கன்று

"காட்டைக் காப்பாத்தறதுக்குன்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்குத் தம்பி அதே காட்டுல மரத்தை வெட்டறாங்க?"

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கேட்ட கேள்வி இது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் செல்பேசியில் இருந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். படத்தில் வானத்தை முட்டும் பைன் மரங்கள். நடுவே மரம் வெட்டித் திறந்துவிட்ட வெளி. அந்த வெளியில் முழங்கால் உயரக் கன்றுகள், ஒவ்வொரு கன்றின் கொழுந்திலும் மடித்துச் செருகிய வெள்ளைக் காகிதம். வடக்கு மின்னசோட்டாவில் எடுத்த படம். சாருக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்னசோட்டா, கனடா எல்லையை ஒட்டிய அமெரிக்க மாநிலம். அதன் வடபகுதி முழுக்க ஏரியும் காடும். அங்கே சிப்பேவா தேசியக் காடு என்று ஒன்று இருக்கிறது. அதில் கணிசமான பகுதி லீச் லேக் ஓஜிப்வே என்ற பூர்வகுடிகளின் நில எல்லைக்குள்ளேயே வருகிறது. இந்தக் காட்டில் ஒரு பகுதியை அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கி, கட்ஃபுட் ஆய்வுக் காடு என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. அங்கே நிற்பவை பெரும்பாலும் செம்பைன் மரங்கள். பட்டை செம்பழுப்பாக, தட்டுத் தட்டாக உரிந்து நிற்கும். மின்னசோட்டாவின் மாநில மரமும் அதுதான். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய காட்டுத்தீ வந்து போனபின் முளைத்த மரங்கள் இவை. அதனால் எல்லாம் ஒரே வயது, கிட்டத்தட்ட ஒரே உயரம்.

பார்க்க அழகான காடுதான். ஆனால் அதன் பலவீனமும் அந்த அழகிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு தீ தரையோடு ஓடி, கீழே அடர்ந்த புதரை எரித்துவிட்டுப் போகும். தடித்த பட்டையுள்ள பெரிய பைன்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டில் தீ என்றாலே அணை என்று ஆனபின், மரத்தடியில் ஹேசல் புதர் ஆளுயரத்துக்கு மண்டிவிட்டது. விதை விழுந்தாலும் கன்று மேலே வர வழியில்லை. பெரிய பைனின் நிழலில் முளைத்துத் தப்பும் சில கன்றுகளுக்கும் மேலிருந்து பூஞ்சைநோய் இறங்குகிறது. போதாக்குறைக்கு, செம்பைன் மரபணு வகையில் மிக ஏழை இனம். எங்கிருந்து விதை எடுத்தாலும் பெரிய வேறுபாடு இருக்காது. ஒரு நோயோ வறட்சியோ ஒரு மரத்தைச் சாய்த்தால், பக்கத்து மரம் வேறு விதமாகத் தாக்குப்பிடிக்கும் என்ற நம்பிக்கை குறைவு.

இந்தக் காட்டின்மேல்தான் இப்போது வெப்பம் ஏறுகிறது. மின்னசோட்டாவில் கோடையைவிடக் குளிர்காலம்தான் வேகமாகச் சூடாகிறது, அதிலும் குளிர்கால இரவுகள். குளிர் குறைந்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். அந்தக் காட்டுக்கு அது நல்லதல்ல. மேற்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் என்ன நடந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். அரிசி மணி அளவே உள்ள மலைப்பைன் வண்டு, மரத்தின் பட்டைக்கு அடியில் துளைத்துப் போய் முட்டையிடும். மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய கடுங்குளிர் சில நாள் தொடர்ந்து நின்றால் புழுக்கள் செத்துவிடும். அந்தக் குளிர் தவறிப்போன ஆண்டுகள் அடுத்தடுத்து வந்ததும், 1990களின் கடைசியிலிருந்து அந்த வண்டு சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் காட்டில் பரவியது. அந்த மாகாணத்தில் வெட்டி விற்கத்தக்க லாட்ஜ்போல் பைன் மரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. பின்னர் ராக்கி மலையைத் தாண்டி ஆல்பர்ட்டாவுக்குள்ளும் இறங்கியது. கிழக்கே இருக்கிற பைன் காட்டுக்காரர்கள் எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்த செய்தி அது.

இப்போது ஒரு வன அலுவலரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நெல் விவசாயி இந்த ரகம் சரியில்லை என்றால் அடுத்த போகத்தில் மாற்றிவிடுவார். வன அலுவலர் இன்று நடும் கன்று முழு மரமாக 80 ஆண்டு ஆகும். அந்த 80 ஆண்டில் மழை எவ்வளவு குறையும், வெப்பம் எவ்வளவு ஏறும் என்று யாராலும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. கணினி மாதிரிகள் ஒரு வீச்சைத்தான் தருகின்றன. அந்த வீச்சின் ஒரு முனையில் இன்றைய காடே கொஞ்சம் தள்ளாடியபடி பிழைத்துவிடும். மறுமுனையில் இந்த மண்ணில் பைன் நிற்கவே நிற்காது. எந்த முனையை நம்பிக் கன்று நடுவது?

2007-ல் கான்ஸ்டன்ஸ் மில்லர், நேதன் ஸ்டீஃபன்சன், ஸ்காட் ஸ்டீஃபன்ஸ் என்ற மூன்று கலிஃபோர்னிய விஞ்ஞானிகள் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டுரையில் பதில் சொன்னார்கள். ஒரே எதிர்காலத்தை நம்பி எல்லாவற்றையும் அதிலேயே போடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அவர்கள் பிரித்துக் காட்டிய வழிகள் மூன்று. இருக்கும் காட்டைப் பலப்படுத்தி, மாற்றத்தை எதிர்த்து நிற்க வைக்கலாம். அல்லது அடி விழுந்தாலும் மீண்டு பழைய நிலைக்கு வரும்படி காட்டுக்குள் பலவகை மரங்களைக் கலந்து வைக்கலாம். அல்லது மாற்றம் வரத்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டு, வரப்போகிற வெப்பத்துக்கு ஏற்ற வேறொரு காடாக மாற அதற்குக் கைகொடுக்கலாம்.

பேச்சாக இது எல்லோருக்கும் பிடித்துப்போனது. மாநாட்டுக்கு மாநாடு சொன்னார்கள். ஆனால் ஒரு வன அலுவலர் காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனால் எந்த மரத்தில் குறி போடுவார், எந்தக் கன்றை எங்கே நடுவார் என்பதற்கு அந்தக் கட்டுரையில் விடை இல்லை. அந்த விடையைத் தேடி 2009-ல் லிண்டா நேகல் என்ற காட்டியல் பேராசிரியரும் வனத்துறை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார்கள். மூன்று வழியையும் ஒரே காட்டில், பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் உண்மையாகவே செய்து பார்ப்பது. கூடவே ஒரு துண்டை எதுவும் செய்யாமல் அப்படியே விடுவது. கட்ஃபுட் அதன் முதல் களங்களில் ஒன்று.

துண்டு என்றால் கையகலப் பாத்தி இல்லை. ஒவ்வொன்றும் சுமார் 25 ஏக்கர். ஒவ்வொரு வழிக்கும் இப்படிப் பல துண்டுகள், எது எங்கே என்று சீட்டுப் போட்ட மாதிரி பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே துண்டில் செய்து பார்த்தால், நன்றாக வந்தது வழியாலா, அந்த மண்ணில் இருந்த ஈரத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 25 ஏக்கர் என்பதற்கும் காரணம் உண்டு. மான், காற்று, பூச்சி, மரம் வெட்டும் ஒப்பந்ததாரரின் எந்திரம் எல்லாமே சிறு பாத்தியில் ஒருமாதிரியும் பெரிய காட்டில் வேறுமாதிரியும் நடந்துகொள்ளும். வன அலுவலர் நாளைக்குச் செய்யப்போவது பெரிய காட்டில். சோதனையும் அதே அளவில் இருந்தால்தான் அவர் நம்புவார்.

முதல் வழி எதிர்த்து நிற்பது. இங்கே செய்தது எளிமையான வேலை: நெரிசலைக் குறைத்தார்கள். கேழ்வரகுக் கொல்லையில் பயிர் கலைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெருங்கி முளைத்ததில் சிலதைப் பிடுங்கிப் போட்டால் மிச்சம் நிற்பது நீரும் எருவும் கிடைத்துத் தடிக்கும். செம்பைன் காட்டிலும் அதே கணக்குதான். 2014-15 குளிர்காலத்தில், தரை உறைந்து எந்திரச் சக்கரம் மண்ணை உழாத நேரம் பார்த்து, நோஞ்சான் மரங்களை எடுத்துவிட்டு நல்ல செம்பைன்களை நிறுத்தினார்கள். தலைமையாசிரியர் கேட்ட 'ஏன் வெட்டுகிறார்கள்' என்ற கேள்விக்கு முதல் பதில் இதுதான். வறட்சி வரும்போது மண்ணில் இருக்கிற கொஞ்ச நீருக்கு ஆயிரம் வேர் போட்டி போடுவதைவிட முந்நூறு வேர் போட்டி போடுவது மேல்.

இதில் ஒரு முடிச்சு உண்டு, அதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனமில்லை. வடக்கு மின்னசோட்டாவிலேயே பல பத்தாண்டுகளாக வெவ்வேறு அளவில் மரம் கலைத்துவந்த பழைய செம்பைன் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஆந்தனி டமாட்டோ, பிரையன் பாலிக் முதலியோர் அந்த மரங்களின் ஆண்டு வளையங்களை எடுத்து ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். வளையம் எடுக்க மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளே குழாயாக இருக்கும் ஒரு திருகியைப் பட்டையில் வைத்துக் கையால் முறுக்கிக்கொண்டே போனால் மரத்தின் நடுவரை இறங்கும். வெளியே இழுத்தால் பென்சிலைவிட ஒல்லியான ஒரு மரக்குச்சி வரும். அதை ஒட்டுப்பலகையில் ஒட்டி, மழமழவென்று தேய்த்து, உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு ஆண்டும் ஒரு கோடு. நல்ல மழை ஆண்டு அகலக் கோடு, வறட்சி ஆண்டு நூல் மாதிரி. அந்த நூல் எவ்வளவு மெலிந்தது, அடுத்த எத்தனை ஆண்டில் பழைய அகலத்துக்குத் திரும்பியது என்று அளந்தார்கள். மரங்களுக்கு ஐம்பது வயதை ஒட்டி வந்த வறட்சியில், நிறையக் கலைத்த துண்டுகளின் மரங்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே மரங்கள் எழுபத்தைந்து வயதைத் தாண்டியபோது வந்த வறட்சியில் கணக்கு தலைகீழாகிவிட்டது. அதிகமாகக் கலைத்த துண்டுகளின் மரங்கள்தான் கூடுதலாகத் தவித்தன.

ஏன்? தாராளமாக இடம் கிடைத்த மரங்கள் அத்தனை ஆண்டும் தலையை விரித்துப் பெரிய மரங்களாக வளர்ந்துவிட்டன. இலை அதிகம், நீர்த்தேவையும் அதிகம். சின்ன வயதில் அவற்றைக் காப்பாற்றிய வசதியே பெரிய வயதில் அவற்றின் கடனாகிவிட்டது. மரத்தைக் கலைத்தால் வறட்சியைத் தாங்கும் என்று ஒரு வரியில் விதி எழுதி எல்லாக் காட்டுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீண்ட காலம் அளந்துகொண்டே இருந்த ஒரு பழைய சோதனை இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது. காட்டில் சோதனை செய்ய வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்த ஓர் ஆய்வே எனக்குப் போதுமான காரணம்.

இரண்டாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காட்டைச் சீராகக் கலைக்காமல், சில இடத்தைத் தொடாமல் அடர்த்தியாகவே விட்டு, சில இடத்தில் அரை ஏக்கர் அளவுக்கு முழுதாகத் திறந்து, மற்ற இடத்தில் நடுத்தரமாக எடுத்தார்கள். திறந்த இடங்களில், அந்தக் காட்டில் ஏற்கனவே அங்கங்கே இருக்கிற, வெப்பத்தைச் செம்பைனைவிடத் தாங்கும் என்று எதிர்பார்க்கிற ஓக், சிவப்பு மேப்பிள், வெள்ளைப் பைன் வகைகளை நட்டார்கள். செம்பைனுக்கு அடி விழுந்தாலும் வேறு யாராவது எழுந்து நிற்பார்கள் என்ற எண்ணம்.

மூன்றாவது வழியில்தான் சாரின் புருவம் உயர்ந்தது. பலருக்கும் அப்படித்தான். இங்கே திறப்புகளை இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போவது திட்டம். நடுவது உள்ளூர் மரங்களை மட்டுமல்ல. தெற்கே இயல்பாக வளரும் பிட்டர்நட் ஹிக்கரி, பிளாக் செர்ரி ஆகியவற்றையும் நட்டார்கள். அவற்றோடு, இயற்கையில் மின்னசோட்டாவிலேயே இல்லாத பான்டரோசா பைனையும் நட்டார்கள். அது மேற்குப் பகுதி மரம். இயற்கையாக அது நிற்பதைப் பார்க்கத் தெற்கு டகோட்டாவின் கருமலைகள், நெப்ராஸ்கா போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். உள்ளூர் வகைகளையும் சேர்த்து மொத்தம் எட்டு இனம். 2016 வசந்தத்தில் நட்ட கன்றுகள் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

"சீகை மரம் கதையா ஆயிடாதா?" என்று கேட்டார் சார். நீலகிரியில் சில காலம் வேலை பார்த்தவர். அவர் கேட்காமலிருந்தால் நானே கேட்டிருப்பேன். ஆஸ்திரேலியச் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு வனத்துறையே புல்வெளிகளில் பெரிய அளவில் நட்டது. மலைமேல் இருந்தது வெறும் தரிசு என்று நினைத்துவிட்டார்கள். அது சோலைக்காட்டோடு சேர்ந்து வாழும் புல்வெளி, தொதவர்களின் எருமை மேயும் நிலம், கீழே ஓடும் ஆறுகளின் தலைமாடு. சீகை அதைத் தின்றுகொண்டே பரவியது. இன்று அதை வெட்டி எடுக்கத் தமிழ்நாடு படாதபாடு படுகிறது. 2022-ல் அயல் களைத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று அரசு ஒரு தனிக் கொள்கையே வெளியிட்டது.

அதனால் மூன்றாவது வழியைப் பற்றி எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. சீகை கடல் கடந்து, அதைத் தின்னும் பூச்சியும் அதை அடக்கும் நோயும் இல்லாத இடத்துக்கு வந்தது, அதுவும் மரமே இல்லாத புல்வெளிக்கு. ஹிக்கரியும் செர்ரியும் அதே கண்டத்தில் சில நூறு கிலோமீட்டர் தெற்கே, மின்னசோட்டாவின் ஓக்கோடும் மேப்பிளோடும் ஏற்கனவே பக்கத்தில் நின்று பழகியவை. மெதுவாக இருந்தாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் தாமாகவே வடக்கே நகர்ந்திருக்கும். இப்போது வெப்பம் நகரும் வேகத்துக்கு மரத்தின் விதை ஈடுகொடுக்க முடியவில்லை என்பதால் மனிதன் தூக்கிக்கொண்டு போகிறான். பான்டரோசா கொஞ்சம் தூரத்து உறவு. அதைப் பற்றிய என் சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஊட்டியில் நடந்தது சோதனையே இல்லை. மலை முழுக்க நட்டு முடித்துவிட்டுத்தான் விளைவைப் பார்த்தார்கள். கட்ஃபுட்டில் வேலி போட்ட மாதிரி ஒரு எல்லைக்குள், பக்கத்தில் ஒப்பிட மற்றத் துண்டுகளை வைத்துக்கொண்டு, அளந்து பார்க்கிறார்கள்.

படத்தில் இருந்த காகிதத்துக்கு இப்போது வருவோம். வடக்கு மின்னசோட்டாவில் கன்று நடுகிறவர்களுக்கு வெப்பத்தைவிட உடனடிப் பகை வெண்வால் மான். பனி மூடிய பின் தின்ன வேறு பச்சை இல்லை. நட்ட பைன் கன்றின் நுனிக்கொழுந்தை ஒரே கடியில் நறுக்கிவிடும். கொழுந்து போனால் அந்த ஆண்டு வளர்ச்சி போயிற்று. மீண்டும் மீண்டும் நறுக்கினால் கன்று குட்டையாகவே நின்று செத்துவிடும். அதற்காக இலையுதிர் காலத்தில், பனி விழும் முன், கையில் காகிதக் கட்டும் இடுப்பில் ஸ்டேப்ளருமாகப் போகிறார்கள். குனிந்து, நுனிக்கொழுந்தைச் சுற்றி உள்ளங்கை அளவுக் காகிதத்தை மடித்து, சில ஊசியிலைகளும் சேர்ந்து பிடிபடும்படி ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள். ஊசியிலை சேராவிட்டால் காற்று காகிதத்தைப் பறித்துக்கொண்டு போய்விடும். கொழுந்தையே அழுத்தி அடித்தாலும் தப்பு. மானுக்கு அது காகிதம், தின்னாது. வசந்தத்தில் கொழுந்து அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மறு இலையுதிர் காலத்தில் மறுபடியும் அதே வேலை, கன்றின் கொழுந்து மானின் வாய்க்கு எட்டாத உயரம் போகிறவரை. பருவநிலை மாற்றம் என்று பெரிய சொல்லாகச் சொல்கிறோமே, தரையில் அது குளிரில் குனிந்து ஸ்டேப்ளர் அடிக்கும் வேலையாகத்தான் வந்து சேர்கிறது. செம்பைனுக்குப் பதில் எந்த இனம் என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்க, எந்த இனம் மிஞ்சுவது என்பதை மான் முடிவு செய்துவிட வாய்ப்புண்டு.

எதுவும் செய்யாத துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ரம்பமும் இல்லை, கன்றும் இல்லை. ஆட்கள் வந்து அளந்துவிட்டு மட்டும் போகிறார்கள். இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மூன்று துண்டில் உழைத்துவிட்டு நான்காவதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு நேர்மை வேண்டும். ஒருவேளை அந்தத் துண்டே மற்ற மூன்றையும்விட நன்றாக வந்தால், செய்த வேலையெல்லாம் வீண் என்று எழுதிக்கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும். சும்மா அளந்துகொண்டே இருப்பதன் அருமை நமக்குப் புதிதல்ல. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் குழுவினரும் 1988-ல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து எல்லை போட்டு, 1 சென்டிமீட்டர் தடிமன் தாண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு அடித்து, எது செத்தது, எது முளைத்தது என்று பதிந்துவருகிறார்கள். வறட்சி, தீ, யானை என்று மூன்றும் அந்தக் காட்டை எப்படி மாற்றுகின்றன என்பதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல ஆதாரம் அந்தப் பதிவேடுதான். வெட்டியும் நட்டும் பார்ப்பதற்கான சோதனை அதுவல்ல. ஆனால் இங்கே யாராவது நாளைக்கு அப்படி ஒன்றைத் தொடங்கினால், எதோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு முதுமலையில் பதில் ஏற்கனவே காத்திருக்கிறது.

"யாரு தீர்மானிச்சது இதெல்லாம்? ஆராய்ச்சிக்காரங்களா, வனத்துறையா?" என்று சார் கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து. ஒவ்வொரு களத்திலும் விஞ்ஞானிகளும், அந்தக் காட்டைத் தினமும் பார்க்கிற வன அலுவலர்களும் மூன்று நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். முதலில், இந்தக் காடு வருங்காலத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம் என்பதை எழுதினார்கள். அப்புறம்தான் எந்த மரம், எத்தனை வெட்டு என்ற பேச்சு. இதனால்தான் அதே மூன்று வழியும் ஊருக்கு ஊர் வேறு உருவம் எடுக்கின்றன. ஜார்ஜியாவின் இச்சாவேயில் நீண்ட ஊசியிலைப் பைன் காடு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆட்களே தீ வைத்துப் பராமரிப்பது, அங்கே பெரிய கவலை வறட்சி. கொலராடோவின் சான் ஹுவான் காட்டில் காட்டுத்தீயும் பட்டை வண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் டார்ட்மவுத் கல்லூரிக்குச் சொந்தமான காட்டில் மேப்பிளும் பீச்சும். கனடாவில் ஒன்டாரியோவின் பெட்டவாவா ஆய்வுக் காடும் பின்னர் சேர்ந்தது. மின்னசோட்டாவிலேயே செயின்ட் பால் நகருக்குள், மிசிசிப்பி ஆற்றங்கரைப் பூங்காக் காட்டிலும் ஒன்று நடக்கிறது. அங்கே ஆஷ் மரங்களை ஒரு பச்சை நிற அயல் வண்டு கொன்றுகொண்டே போவதால், வெள்ளமும் தாங்கி வெப்பமும் தாங்கும் மரம் எது என்பது கேள்வி.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் ஒரு சிக்கல் உள்ளேயே இருக்கிறது. 2090-ன் வெயிலுக்காக நட்ட கன்று முதலில் 2016-ன் குளிரைத் தாண்ட வேண்டும். தெற்கிலிருந்து வந்த ஹிக்கரி, இன்னும் முழுதாகப் போய்விடாத மின்னசோட்டாக் குளிரில், மே மாதக் கடைசிப் பனியில் கருகிவிட்டால், அது தவறான மரம் என்று எழுதுவதா, சரியான மரத்தைச் சீக்கிரம் நட்டுவிட்டோம் என்று எழுதுவதா? எதிர்கால வெப்பத்தை இன்றைக்கே கொண்டுவந்து சோதிக்க முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர்கள் இதைச் சுற்றிப்போக ஒரு வழி கண்டார்கள். காலத்தை நகர்த்த முடியாது, இடத்தை நகர்த்தலாம். 2009-ல் தொடங்கி, வடக்கே யூகானிலிருந்து தெற்கே கலிஃபோர்னியாவின் வடபகுதி வரை 48 இடங்களில், 15 இன மரங்களின் விதைகளைப் பல ஊர்களிலிருந்து எடுத்து நட்டார்கள். தெற்குத் தோட்டத்தில் அந்த விதை எப்படி வளர்கிறது என்பது, வடக்குத் தோட்டத்துக்குப் பின்னால் வரப்போகிற காலத்துக்கு ஓரளவு முன்னோட்டம். ஓரளவுதான். மண்ணும் பகல் நீளமும் ஊருக்கு ஊர் வேறு. ஆனாலும் இத்தகைய ஆராய்ச்சிகளின் துணையோடு அந்த மாகாணம் கன்றுக்கு விதை எந்த ஊரிலிருந்து எடுக்கலாம் என்ற அரசு விதியையே மாற்றியது. முன்பு விதை பக்கத்து ஊர் விதையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இப்போது, வரப்போகிற பருவநிலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊரின் விதையா என்று பார்க்கிறார்கள்.

இத்தனையும் கேட்டபின் சார் சொன்னார்: "சரி தம்பி. இப்ப மூணுல எதுதான் ஜெயிக்கும்?" என் பதில் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்காது. பத்து ஆண்டுக் கன்றை வைத்து எண்பது ஆண்டு மரத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. மூன்றில் ஒன்றுதான் சரி என்று காட்டுவது இந்தச் சோதனையின் நோக்கமும் இல்லை. ஒரே காட்டில் ஒரு பள்ளத்தாக்கில் எதிர்த்து நிற்பதும், காய்ந்த மேட்டில் மாறிப்போவதும் சரியாக இருக்கலாம். எது எங்கே என்று அறிய அளந்த எண்கள் வேண்டும். வெட்டக் கூடாது என்ற சாரின் உணர்வை நான் மதிக்கிறேன், இயற்கைக் காட்டில் பெரும்பாலான இடத்தில் அதுவே என் நிலைப்பாடும்கூட. ஆனால் பல பத்தாண்டுகள் தீயை அணைத்து, புதுக் கன்று எழ வழியில்லாமல் நாமே குறுக்கிவிட்ட ஒரு காட்டை, வெப்பம் ஏறும் நேரத்தில், இனி இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வெட்டிய மரத்துக்குக் கணக்கு வைத்து, வெட்டாத துண்டையும் பக்கத்தில் வைத்து, முடிவை எல்லோருக்கும் சொல்கிற வரையில் அந்த ரம்பத்தோடு எனக்குச் சண்டையில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு: விதை. தெற்கு ஓக்கை வடக்கே நடலாம் என்று முடிவெடுத்தாலும் நாற்றங்காலில் கன்று இருக்க வேண்டுமே. பைன் விதையை உலர்த்திக் குளிர் அறையில் பல ஆண்டு வைக்கலாம். ஓக் விதை அப்படி இல்லை. காயவிட்டால் செத்துவிடும், ஈரத்தோடு வைத்தாலும் நெடுநாள் தாங்காது, பைன் விதையைப் போலப் பல ஆண்டுக்குச் சேமிக்க வழியில்லை. போதாததற்கு ஓக் ஆண்டுதோறும் காய்க்காது. ஒரு ஆண்டு கொட்டும், அடுத்த சில ஆண்டு கண்ணில் காட்டாது. காய்த்த ஆண்டிலேயே அணிலும் மானும் தின்றதுபோக மிச்சத்தைப் பொறுக்கி, உடனே விதைத்து, ஒன்றிரண்டு ஆண்டு நாற்றங்காலில் வளர்த்து எடுக்க வேண்டும். அதாவது 2030-ல் நட வேண்டிய ஓக்குக்கான ஆர்டர், தெற்கே எந்த மாவட்டத்தில் எந்த மரத்தடியில் பொறுக்குவது என்ற விவரத்தோடு, 2027-க்குள் நாற்றங்காலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு அங்கே காய்க்கவில்லை என்றால் இன்னும் ஒரு ஆண்டோ இரண்டு ஆண்டோ தள்ளிப்போகும்.